உட்காரும் காட்சி

பெரியவளே, சின்னவனே, அன்றைக்கு என் கழுத்தில் ரோஸ் பவுடர் ஒட்டியிருந்ததைப் பார்த்து, "யாருக்குப்பா கல்யாணம்?" என்று ரெண்டு பேரும் சிரித்தீர்களே. நான் நேராக முகம் கழுவப் போய்விட்டேன். வாயைத் திறந்தால் வேலை போய்விடுமோ என்கிற பயமும் சேர்ந்து வெளியே வந்துவிடும் போலிருந்தது. இப்போது எழுதிவிடுகிறேன்.

தி. நகர் புடவைக் கடையில் சேல்ஸ்மேன் என்றால் நிற்கிற வேலை. உங்களுக்கே தெரியும், ராத்திரி என் காலை நீங்கள்தானே அமுக்கிவிடுகிறீர்கள். கடை ஆட்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்று சட்டம் வந்தது. எங்கள் பிரிவுக்கும் ஒரு ஸ்டூல் வந்தது. வந்த வாரமே அதன்மேல் அட்டைப்பெட்டிகளை அடுக்கிவிட்டார்கள். உட்காராதே என்று யாரும் சொல்லவில்லை. யாரும் உட்காரவும் இல்லை.

இதை வைத்து ஒரு தெரு நாடகம் போட்டார்கள். அந்தக் குழுவை நடத்துகிற பெண் எனக்கு டீக்கடைப் பழக்கம். எல்லாரும் அவரைத் தோழர் என்பார்கள். எனக்கு அது வாயில் வராது, மேடம்தான். கடைப்பெண் வேஷத்துக்கு ஆள் இல்லை. நிஜக் கடைப்பெண்களைக் கேட்கலாம் என்றால், வேலை நேரம் போக மற்ற நேரம் கடை ஹாஸ்டலில் இருந்து வெளியே விடமாட்டார்கள்.

"அண்ணே, தினம் கஸ்டமர் முன்னாடி உங்க மேலயே புடவையச் சுத்திக் காட்டுறீங்க. நீங்களே கட்டிக்குங்க" என்றார் மேடம். விக், பவுடர், பொட்டு எல்லாம் வைத்தால் யாருக்கு அடையாளம் தெரியப்போகிறது என்று நானும் தலையாட்டிவிட்டேன்.

என் லீவு நாளில், சாயங்காலம், பாண்டி பஜார் நடைபாதையில் நாடகம். கடை ஆட்கள் டீ குடிக்க வெளியே வருகிற நேரம். எங்கள் கடைக்கு ரெண்டு தெரு தள்ளித்தான். பறைச் சத்தத்துக்குக் கூட்டம் சேரச் சேர நான் விக்கை நெற்றிக்கு இழுத்து இழுத்து விட்டுக்கொண்டேன்.

கதை சின்னது. கடைப்பெண் நாள் முழுக்க நிற்பாள், கால் வீங்கும். கடைசியில் எல்லார் முன்னாலும் ஸ்டூலில் உட்காருவாள். உட்கார்ந்ததும் பறை நிற்க வேண்டும். அதுதான் முடிவு.

நடுவில் ஒரு புடவையை உதறி விரித்தேன். அங்கேதான் மாட்டினேன். ஒவ்வொரு சேல்ஸ்மேனுக்கும் ஒரு உதறல் உண்டு, நான் இடது கைக்காரன். டீயும் கையுமாக நின்றிருந்த எங்கள் ஃப்ளோர் சூப்பர்வைசர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. கையைத்தான் பார்த்தார். கப் வாய்க்குப் போகாமல் நின்றது.

உங்கள் ஸ்கூல், வாடகை, அம்மா முகம் எல்லாம் ஒன்றாக வந்து மோதின. நாடகம் அதுபாட்டுக்கு ஓடியது. கடைசிக் காட்சி. உட்கார்ந்தேன். சூப்பர்வைசர் ஒரு அடி முன்னால் வந்தார். நான் சட்டென்று எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, "சார்" என்றேன்.

பறைக்காரருக்கு நிறுத்துவதா அடிப்பதா என்று தெரியவில்லை. கூட்டம் சிரித்தது.

"நம்ம கதையேதான்டி!" என்றாள் யூனிஃபார்ம் போட்ட கடைப்பெண்களில் ஒருத்தி. அதற்கப்புறம் அந்தப் பெண்கள் சிரிக்கவில்லை.

பூக்காரம்மா ஒருத்தி கத்தினாள்: "உக்காரும்மே! அந்தாளு இன்னா பண்ணிடுவான்?"

என்னால் உட்கார முடியவில்லை. நின்றபடியே நாடகம் முடிந்தது. "எழுந்தீங்களே, அது சூப்பர்ண்ணே! இனிமே அதான் முடிவு" என்றார் மேடம். அது நடிப்பில்லை. நான் விக்கைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன்.

மறுநாள் கடையில் சூப்பர்வைசர் காலை முழுக்க என் பக்கமே வரவில்லை. மைக்கில் யாரைக் கூப்பிட்டாலும் என்னைத்தான் என்று நினைத்து, மடித்த புடவையையே திரும்ப மடித்தேன். மத்தியானம் பக்கத்தில் வந்தார்.

"நேத்து கொசுவம் நிக்கவே இல்லையேடே. இத்தன வருஷம் என்னத்தப் படிச்ச?"

"சார்..."

"முதலாளி காதுக்குப் போச்சுன்னா, நான் உன்னப் பாக்கல. அவ்வளவுதான் என்னால முடியும்."

திரும்பிப் போகும்போது வலது காலை லேசாக இழுத்து நடந்தார்.

முதலாளி இன்னும் கூப்பிடவில்லை. கூப்பிடுவாரா என்றும் தெரியவில்லை. சூப்பர்வைசர் பேசினதுக்கு அடுத்த நாள் காலை, நீங்கள் எழுந்திருக்கும் முன்பே கிளம்பிவிட்டேன். ஆட்கள் வருகிற பின்வாசல் வழியாக ஏறினேன், கடை மாடியில் யாரும் இல்லை. அட்டைப்பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தரையில் இறக்கி வைத்தேன். ஸ்டூலைக் கைக்குட்டையால் துடைத்தேன். தலைக்கு மேலே கேமரா. உட்கார்ந்தேன். கீழே பெரிய ஷட்டர் ஏறுகிற சத்தம் கேட்டது. கால் தானாக எழப் பார்த்தது. ரெண்டு கையாலும் தொடையை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.