ஆறுச்சாமி அண்ணன் திறந்த கண்கள்

செவ்வாய்க்கிழமை காலை பல்லடத்தில் ஒரு மாரியம்மன் கோயில் மண்டபத்துக்குக் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தோம். கலவை இயந்திரத்தின் இரைச்சலில் போன் அடித்தது கேட்கவில்லை. எடுத்துப் பார்த்தபோது ஆறுச்சாமி அண்ணனின் மனைவி சரோஜா அக்காவிடமிருந்து நான்கு அழைப்புகள்.

"அம்மணி, அவரு போயிட்டாருங்க. காபி குடிச்சுப்போட்டுச் சித்த நேரம் படுத்தாருங்க. எந்திரிக்கவே இல்லீங்க" என்றார்.

போட ஆரம்பித்த கான்கிரீட்டைப் பாதியில் நிறுத்த முடியாது. நிறுத்திவிட்டுப் போயிருந்தால் அவரே கோபித்திருப்பார். மதியம் வரை கண்ணைத் துடைத்துக்கொண்டே நின்று வேலையை முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். அந்த மண்டபத்துக்கான அம்மனைச் செய்தவரும் அவர்தான். கண் திறப்பது மட்டும் பாக்கி இருந்தது.

அவரை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். சிற்பி ஆறுச்சாமி பல்லடத்தில் விசைத்தறி ஓட்டிய ஒருவரின் மகன். திருமுருகன்பூண்டியில் கல் வேலை பழகி, மாமல்லபுரத்துக்குப் போய்ப் படித்து, மறுபடியும் பூண்டிக்கே வந்து பட்டறை போட்டவர். கோயிலுக்கு மூலவர் செய்வார். சர்ச்சுக்குப் பலிபீடம் செய்வார். கோவை ஃபவுண்டரிகளில் கழித்துப்போட்ட இரும்பை வாங்கிவந்து, யாருக்கும் பெயர் சொல்லத் தெரியாத உருவங்களையும் ஒட்டவைப்பார். எதைச் செய்வதானாலும் அது நிற்கப்போகிற கட்டடத்தைப் பார்க்காமல் கல்லில் கை வைக்க மாட்டார்.

பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் அவரை முதன்முதலில் பார்க்கப் போனேன். தொண்டாமுத்தூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு சிறு மாதா கோயில் கட்டும் வேலை எனக்குக் கிடைத்திருந்தது. தனியாகத் தொழில் தொடங்கி நான் எடுத்த முதல் கட்டடம். பட்டறையில் ஒரு விநாயகரும், பாதி முடிந்த அந்தோணியாரும், பல்சக்கரங்களால் ஆன ஏதோ ஒரு பறவையும் அருகருகே நின்றார்கள்.

நான் என் படிப்பெல்லாம் குரலில் தெரிய, "மாதா சிலை மாடர்னா இருக்கணும்" என்றேன்.

"மாடர்னுன்னா என்னங்க அம்மணி? மூக்கு வேண்டாமுங்களா?" என்றார்.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் மூன்று மாதம் கழித்து அவர் காட்டியது நான் கேட்டதைவிடப் புதிதாக இருந்தது. கருங்கல்லில் ஐந்தடி உயரம். கிரீடம் இல்லை, நகை இல்லை. வெயிலுக்குத் தலையில் முந்தானையை இழுத்துவிட்ட காட்டுவேலைப் பெண் போல ஒரு மாதா. சேலை மடிப்பு மொத்தமே நான்கு கோடுகள். முகம் மட்டும் முடியாமல், கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் வழவழப்பான இரண்டு புடைப்புகள். அவற்றின் மேல் கொஞ்சம் கல்லையும் கூடுதலாக விட்டிருந்தார்.

"கண்ணு அங்க வந்துதானுங்க. வெச்ச எடத்துல வெச்சுத்தான் தொறப்பேன்" என்றார். கோயில் சிலைகளுக்கு அப்படிச் செய்வது வழக்கம். மாதாவுக்கும் அதையே செய்யப்போகிறார் என்பதை நான் பங்குத்தந்தையிடம் சொல்லி வைக்கவில்லை.

இதைவிடப் பெரிய ஒன்றையும் நான் சொல்லவில்லை. வரைபடத்தில் மாதா நிற்கும் பீடம் மூன்றடி. அந்தக் கணக்கை வைத்துத்தான் அண்ணன் தலையின் சாய்வைச் செதுக்கியிருந்தார். வாசலில் நின்று பார்த்தால் கம்பீரமாகத் தெரியட்டும் என்று, பீடம் கட்டும்போது நான் அதை ஒன்றரை அடி உயர்த்திவிட்டேன். அவரிடம் சொல்ல மறந்துவிட்டேன் என்று பல வருடங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார் என்று எனக்குத் தெரியும்.

ஆயர் வந்து கோயிலை அர்ச்சித்துத் திறந்து வைக்க ஒரு மாலையைக் குறித்திருந்தார்கள். அதற்கு முந்தின நாள் காலையில் சிலையை ஏற்றி நிறுத்தினார்கள். பங்குத்தந்தை வந்து பார்த்துவிட்டுப் பதறிப்போனார்.

"என்னங்க இது, கண்ணே இல்லையே! நாளைக்கு ஆயர் வர்றார்."

"ஒரு மணி நேர வேலைங்க ஃபாதர்" என்று சொல்லிக்கொண்டே அண்ணன் சாரத்தில் ஏறினார். மாதாவின் முகத்தோடு முகம் வைத்து, அவள் பார்க்கும் திசையில் கோயிலைப் பார்த்தார். பிறகு டேப்பை எடுத்துப் பீடத்தின் அடிவரை தொங்கவிட்டார். அளவைப் படித்தார். என்னைப் பார்த்தார்.

அந்த உயரத்தில் வழக்கம்போல் கண் திறந்தால் மாதா எல்லாருடைய தலைக்கும் மேலே வாசல் நிலையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

தரையைக் கழுவிக்கொண்டிருந்த பெண்களை அவர் மேலிருந்தே கூப்பிட்டார். "ஏனுங்க, பூசைக்கு வந்தா நீங்கெல்லாம் எங்கீங்க உக்காருவீங்க?"

"நாங்க கடேசீலதானுங்க. தரையில" என்றார் ரோசம்மா. பக்கத்துத் தோட்டங்களில் களை எடுப்பவர்.

"அப்படியே போய் உக்காருங்க. நான் சொல்ற வரைக்கும் எந்திரிக்காதீங்க."

பிறகு இறங்கி வந்து பங்குத்தந்தையிடம் கைகூப்பினார். "மன்னிச்சுக்கோங்க ஃபாதர். என்ர கணக்குத் தப்பிப்போச்சு. இமைய எறக்கோணும். ரெண்டு நாளு ஆகுமுங்க. கல்லு போனா போனதுதானுங்க, அவசரப்பட முடியாது."

ஆயர் அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிவிட்டார். மறுநாள் மாலை கூடியிருந்த ஊர்மக்கள் முன்னால், சிற்பி சொன்ன நேரத்துக்கு வேலையை முடிக்காததால் விழா தள்ளிப்போகிறது என்று பங்குத்தந்தை அறிவித்தார். அண்ணன் தலை குனிந்து நின்றார். நான் எழுந்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் முதல் கட்டடத்தோடு என் தொழில் முடிந்துவிடும் என்று பயந்தேன். பெண்பிள்ளைக்கு இந்த வேலை எதற்கு என்று சொல்லக் காத்திருந்த உறவுக்காரர்கள் வேறு கண்முன் வந்தார்கள். நான் வாய் திறக்கவில்லை.

அந்தக் கோயிலின் பதினான்கு சிலுவைப்பாதைச் சிற்பங்களும் அவர் செய்வதாக இருந்தது. அந்த வேலை வேறொருவருக்குப் போனது. எனக்கு அடுத்தடுத்து மூன்று கோயில்கள் வந்தன.

ஒரு வருடம் கழித்துப் பட்டறைக்குப் போய், "ஏன் அண்ணா சொல்லல?" என்று அழுதேன்.

"உங்களுக்கு அது மொதக் கட்டடமுங்க அம்மணி. எனக்கென்ன மொதச் செலையா? பேச்சு வாங்கிப் பழக்கமுங்க" என்று கல் தேய்க்கும் கிரைண்டரைத் துடைத்தார். "அடுத்த வாட்டி ஒசரத்த மாத்துனா மட்டும் ஒரு போனு போட்டுச் சொல்லிப்போடுங்க."

அதன்பின் பதினேழு ஆண்டுகள் சேர்ந்து வேலை செய்தோம். ஆனைமலையில் ஒரு குலதெய்வக் கோயில், கோவையில் ஒரு கல்லறைத் தோட்டத்தின் நுழைவாயில், இன்னும் பல. கால் அங்குலம் மாறினாலும் போன் செய்வேன். "இதுக்கெல்லாமுங்களா கூப்புடறீங்க, என்ர காது காய்ச்சுப்போச்சு" என்பார். அவர் கொடுத்த விலையில்தான் இன்னொருவரை நம்பக் கற்றுக்கொண்டேன். இன்று என் பெயருக்கு இருக்கிற கொஞ்சம் மரியாதையும் அவர் போட்ட அஸ்திவாரத்தில்தான் நிற்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு அந்த மாதா கோயிலில் அவருக்காக ஜெபித்தார்கள். திருநீறு பூசாமல் வெளியே இறங்காத மனிதருக்கு அங்கே மெழுகுவத்தி ஏற்றினார்கள். இப்போதிருக்கும் பங்குத்தந்தை இளையவர். என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். நான் போய் நின்று, "பீடத்தை உயர்த்தினது நான். அவர் கணக்கு தப்பல" என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்த ரோசம்மாதான் பேசினார். முடி முழுக்க நரைத்துவிட்டது.

"எங்களுக்கு அன்னிக்கே தெரியுமுங்க அம்மணி. அவரு டேப்பப் புடிச்சாரு, உங்க மூஞ்சியப் பாத்தாரு. எந்திரிக்காதீங்கன்னு எங்கள உக்கார வெச்சுப்போட்டாரே, வேறென்னத்தப் பாக்கறது நாங்க? ரெண்டாம் நாளு வேலை முடிச்சு எறங்கி வந்து, 'அந்தப் புள்ள பாவம், வெளியில சொல்லிப்போடாதீங்க'ன்னாருங்க. நாங்க சொல்லலீங்க."

சொல்லிவிட்டு, எனக்கு உட்கார இடம்விட்டு நகர்ந்துகொண்டார். இத்தனை வருடத்தில் அந்தக் கோயிலுக்குப் பலமுறை போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் நின்றபடியே சுவரில் விரிசல் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன். அன்றுதான் முதன்முதலாக ரோசம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தேன். இமையைத் தாழ்த்தி மாதா எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணா, வரும் வெள்ளிக்கிழமை பல்லடத்து அம்மனுக்குக் கண் திறக்கிறார்கள். உங்களோடு பட்டறையில் முப்பது வருடம் இருந்த தோழர்தான் திறக்கப்போகிறார். நேற்று நானே போய் இரண்டு முறை பீடத்தை அளந்தேன். வரைபடத்தில் இருக்கிற உயரம்தான், அண்ணா. நிம்மதியாகப் போய் வாருங்கள்.