அஞ்சலாட்சியிடம் கேட்காத பதில்

வைத்திக்குப்பத்தில் மீன் விற்கும் அடைக்கலமேரிக்கு இப்போது வயது ஐம்பத்தெட்டு. அந்தத் தெருவில் அவளுடையது ஒன்றுதான் கிறிஸ்தவக் குடும்பம். கணவர் மஞ்சள் காமாலையில் இறந்தபின் மகன் பிலவேந்திரனைத் தவிர அவளுக்கு வேறு யாருமில்லை. 2019 டிசம்பர் மூன்றாம் தேதி அவன் இன்னும் மூன்று பேரோடு ஃபைபர் படகில் கடலுக்குப் போனான். மறுநாள் படகு கவிழ்ந்து மிதந்தது. கூடப் போன இருவரின் உடல்கள் கடலூர்ப் பக்கம் ஒதுங்கின. ஒருவனை வேறு படகுக்காரர்கள் உயிரோடு தூக்கிவந்தார்கள். பிலவேந்திரன் டீசல் கேனைப் பிடித்துக்கொண்டு மிதந்ததைப் பார்த்ததாகவும், பிறகு இருட்டிவிட்டதாகவும் அவன் சொன்னான்.

கப்பல்கள் போகும் வழி அது. யாராவது ஏற்றிக்கொண்டு போயிருக்கலாம் என்று தெருவே பேசியது.

கத்தோலிக்கத் தாய்க்கு இதில் இன்னொரு வேதனையும் உண்டு. மகன் இறந்திருந்தால் அவன் ஆன்மாவுக்குப் பூசை வைக்க வேண்டும். வைக்காவிட்டால் அவன் மோட்சம் சேராமல் உத்தரிப்பு நிலையில் காத்துக் கிடப்பான். உயிரோடு இருந்தால், இறந்தோர் பூசை வைப்பது பெற்றவளே அவன்மேல் மண் தள்ளுவதாகும். மாதா கோயில் பங்கு அலுவலகத்தில், யாருக்காகப் பூசை என்று கேட்டு எழுதிக்கொள்வது என் வேலை. அவள் வந்தபோது எல்லோரிடமும் கேட்பதையே அவளிடமும் கேட்டேன்.

"இருக்கறவங்களுக்கா, இறந்தவங்களுக்கா?"

வாயைத் திறந்தாள். பிறகு பெயர் கொடுக்காமலே திரும்பிப் போய்விட்டாள்.

பக்கத்து வீட்டு அஞ்சலாட்சி அவளைவிட ஆறு வயது மூத்தவள். கரையில் இருவரும் ஒட்டி உட்கார்ந்துதான் மீன் விற்பார்கள். முதலியார்பேட்டையில் வெள்ளிக்கிழமைகளில் குறி சொல்லும் அம்மா ஒருவர் இருந்தார். காணாமல் போனவர்களைப் பற்றி அவர் சொன்னது தப்பாது என்று அஞ்சலாட்சி நம்பினாள்.

"வாடி மேரி, ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துருவோம். உன் சாமி வேற, என் சாமி வேற. கடல் ஒண்ணுதான?"

"வேணாங்க்கா. தெரிஞ்சிக்கணும்னு உசுரு துடிக்குது. ஆனா அங்க போயி கேட்டன்னா, மாதா கோயில்ல சாமிகிட்ட நான் உன்ன நம்பறேன்னு சொன்னதெல்லாம் பொய்யாயிடும்."

அஞ்சலாட்சி அதற்குமேல் வற்புறுத்தவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை தானே போய்க் கேட்டுவிட்டு வந்தாள்.

"கேட்டுட்டன். சொல்லட்டா?"

"நீ சொன்னன்னா, இனிமே உன் மூஞ்சில முழிக்க மாட்டன்."

"சரி, வயித்துலயே வச்சிக்கறன். ஏற்கெனவே கேஸ் டிரபுள், அதோட இதுவும் கெடக்கட்டும்."

அன்றிலிருந்து பதில் ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்து மீன் செதில் சீவிக்கொண்டிருந்தது. அடைக்கலமேரி கேட்டால் போதும். அவள் அஞ்சலாட்சியின் முகத்தைப் படித்துப் பார்த்தாள். குழம்புக்கு நண்டு கூடுதலாகக் கொடுத்தால், நல்ல சேதியோ என்று நினைப்பாள். அதட்டாமல் பேசினால், கெட்டதோ என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இது தெரிந்து அஞ்சலாட்சி பிலவேந்திரன் பேரை எடுப்பதையே விட்டுவிட்டாள்; முன்போலவே திட்டினாள். ஒருமுறை அவன் பிறந்தநாளன்று அடைக்கலமேரி "அக்கா" என்று கூப்பிட்டுவிட்டாள். அஞ்சலாட்சியின் கத்தி நின்றது.

"இன்னாடி?"

கூடையிலிருந்த மீனைத் திருப்பிப் போட்டுவிட்டு, "சீலா மீனு இன்னா வெல சொல்ற?" என்றாள் அடைக்கலமேரி.

அந்த வாரம் பங்கு அலுவலகத்தில் என் எதிரிலேயே அவள் கோயிலின் இளம் குருவானவரிடம் கேட்டாள். "கேக்கணும்னு தோணிக்கினே இருக்குது சாமி. அதுவே பாவமா?"

"இல்லம்மா. சோதனை வர்றது பாவமில்ல. ஆனா செபம் பண்ணா அது போயிடும்னு நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன்."

போகவில்லை. செபமாலையை அவளால் முழுதாகச் சொல்ல முடியாமல் போயிற்று. கர்த்தர் கற்பித்த செபத்தில் 'எங்களைச் சோதனையில் விழவிடாதேயும்' என்ற வரி வரும்போது நின்று, அதை மட்டும் மறுபடி சொல்வாள். அதுதான் அந்த ஆண்டுகளில் அவள் செய்த செபமெல்லாம். அதனால் ஆறுதல் வந்ததா என்று கேட்டேன். இல்லை என்றாள்.

2024 ஜூலையில் அஞ்சலாட்சிக்குக் கல்லீரலில் புற்றுநோய் முற்றியிருப்பது தெரிந்தது. ஆஸ்பத்திரியில் அடைக்கலமேரி தினமும் கஞ்சி கொண்டுபோய் ஊட்டினாள். கடைசி வாரம் ஒரு மத்தியானம் அஞ்சலாட்சி அவள் கையைப் பிடித்தாள்.

"மேரி, நான் போயிட்டா உனக்குச் சொல்ல ஆளில்லடி. இப்பக் கேளு."

கஞ்சி போர்வையில் சிந்தியது. அடைக்கலமேரி அதைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

"கஞ்சி ஆறுது. வாயத் தொற."

"புடிவாதக்காரி," என்று சொல்லி அஞ்சலாட்சி வாயைத் திறந்தாள்.

நான்காம் நாள் இறந்தாள். மயானத்துக்கு எடுத்துப் போனதும் அடைக்கலமேரி திறந்த வாசலில் விழுந்து அழுதாள். அக்காவுக்காக அழுததில் பாதி, கேட்காமல் விட்டதற்கு என்று அவளே சொன்னாள். ஆனால் அதோடு சோதனையும் முடிந்தது என்று நினைத்தாள். காரியம் முடிந்த அன்று அஞ்சலாட்சியின் மகள் பூர்ணிமா அருகில் வந்தாள்.

"அத்த, அம்மா எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போச்சு. எப்ப வேணுன்னாலும் கேளுங்க."

நவம்பரில், இறந்தோரை நினைக்கும் கல்லறைத் திருநாளுக்கு முன் அடைக்கலமேரி அலுவலகத்துக்கு வந்தாள். அஞ்சலாட்சி பேரில் இறந்தோர் பூசை ஒன்று கேட்டாள். பிறகு பிலவேந்திரனுக்கும் ஒன்று.

"அவன் பேர மட்டும் எழுதுங்கண்ணே. எதுன்னு ஆண்டவருக்குத் தெரியும்."

அப்படியே எழுதினேன். பூர்ணிமா இப்போது அம்மாவின் இடத்தில் உட்கார்ந்து மீன் விற்பது எனக்குத் தெரியும். நீ வேறு பக்கம் மாறி உட்காரக்கூடாதா என்று அடைக்கலமேரியிடம் கேட்டேன்.

"மாறினா அந்த நெனப்பும் கூட வராதா? பெத்தவ இல்லாத பொண்ணு அது. தனியா எப்படி விடறது?"

கூடையைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போனாள்.