ருசி பாராத வைன்

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த ஹென்டர்சன் என்ற ஊரில் ஒரு வைன் கடையின் பின்பக்கம் எனக்குப் பெட்டி இறக்கும் வேலை. பின்னேரம் போனால் கடை பூட்டிய பிறகுதான் வீடு. வெள்ளிக்கிழமை மனைவியும் பிள்ளைகளும் விளக்கேற்றிக் கும்பிடும் நேரத்தில் நான் பெட்டிகளுக்கு நடுவில் நிற்பேன். தொண்ணூறுகளின் நடுவில், கடையின் முன்பக்கம் விற்பனைக்குப் பகல் வேலை ஒன்று காலியானது. கேட்டுப் பார்த்தேன். முதலாளி நல்ல மனிதர். வெள்ளிக்கிழமை காலையில் வா, பார்ப்போம் என்றார்.

வெள்ளிக்கிழமை போனபோது மேசையில் ஒரு பிரெஞ்சு வைன் இருந்தது. பிரான்சின் தென்மேற்கே காவோர் என்ற ஊர்ப் பக்கத்தது. சிவப்பு என்றார்கள், எனக்கு நாவற்பழச் சாறுபோலக் கறுப்பாகத்தான் தெரிந்தது. பக்கத்தில் வாத்திறைச்சியும் வதக்கிய காளானும். இந்த வைன் துவர்த்து நாக்கைப் பிடிக்கும், கொழுப்புள்ள சாப்பாட்டோடு குடித்தால்தான் அடங்கும் என்று முதலாளி விளக்கினார். ஒரு வாய் குடித்துப் பார், விழுங்க வேண்டாம், துப்பிவிடு என்றார்.

நெற்றியில் திருநீறு. வயிற்றில் விரதம். மன்னிக்கச் சொன்னேன். எங்கள் வீட்டில் சாமிக்குப் படைக்கிறதை யாரும் முதலில் ருசி பார்ப்பதில்லை, மனைவி கைக்கணக்கில்தான் உப்புப் போடுவாள், எல்லாம் சரியாக வரும் என்றேன். அதுபோல இதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு விற்பேன் என்றேன். அவர் சிரித்தார். சரி, விற்றுக் காட்டு என்றார்.

அந்த நேரம் வயதான ஒரு பெண்மணி வந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுத் தொடையை ஓவனில் வாட்டப் போகிறேன், எது பொருந்தும் என்று கேட்டார். காவோர் போத்தலை எடுத்துக் கொடுத்து, ஆட்டுக் கொழுப்புக்கு நன்றாக இருக்கும் என்றேன். ஆசையாக வாங்கிப் பார்த்தார். நீங்கள் அப்படிச் சாப்பிட்டிருக்கிறீர்களா என்றார்.

ஓம், சாப்பிட்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டால் பகல் வேலை. வாய் வரவில்லை. இல்லை அம்மா, நான் இறைச்சியும் தொடுவதில்லை, வைனும் தொடுவதில்லை என்றேன். அவர் கோபிக்கவில்லை. போத்தலை மெதுவாக இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு முதலாளியிடம் கேட்கப் போனார்.

அன்று பின்னேரமும் பெட்டிதான் இறக்கினேன். முதுகு வலித்தது. முருகா, முருகா என்று ஒவ்வொன்றாக இறக்கினேன்.

மறுநாள் காலை மனைவி முதல்நாள் படைத்த கடலையைச் சூடாக்கித் தந்தாள்.

"துப்பத்தானே சொன்னவர். துப்பியிருக்கலாமேயப்பா?"

"திருநீற்றோட நிண்டோ?"

"சும்மா கேட்டனான்." கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்தாள். "கடலை எப்பிடி?"

"நல்லாயிருக்கு."

"பொய் சொல்லாதேங்கோ. நேற்று உப்புப் போட மறந்துபோனன். பிள்ளையள் ஒரு வாயோட எழும்பிப் போட்டுதுகள்."

"சாமி ஏதும் சொன்னவரோ?"

"அவர் என்னத்தைச் சொல்லுறது? பேசாமல் இருந்தவர்."

"அவரிட்ட பகல் வேலை கேட்டிருக்கலாம்."

சிரித்துவிட்டாள். பிறகு உப்புப் போத்தலை எடுத்து வந்து, என் தட்டில் கைக்கணக்கில் தூவிவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்தாள். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.