ஜாடியிலிருந்த அந்தமான் பல்லி

நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரைதான். ஆனாலும் அந்தமான் பல்லியைப் பற்றி எனக்கு ஒருவரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தப் பெங்களூரிலேயே அதோடு உட்கார்ந்து பேசியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அம்மா ஒரு கல்லூரியில் கூட்டிப் பெருக்கினாள். ஒக்கலிபுரத்து வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று கூடவே இழுத்துப்போவாள். மியூசியம் அறையில் ஸ்டூல் மேல் உட்காரவைத்து, "எதையாவது தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். பிறகு நானும் ஜாடிகளும்தான். எந்தெந்தத் தீவிலிருந்தோ வந்த பாம்பும் ஓணானும் ஸ்பிரிட்டில் இரண்டு மூன்றாகச் சேர்ந்து கிடக்கும். ஒரு ஜாடியில் மட்டும் ஒற்றைப் பல்லி. அது அந்தமான் பல்லி என்று அட்டெண்டர் மாமாதான் சொன்னார். வெளுத்துப்போயிருந்தது. "உயிரோட இருக்கச்சே கிளிப்பச்சை. ஸ்பிரிட்ல போட்டா கலரு போயிடும்" என்றார்.

என் அப்பாவும் அந்தமானில்தான் இருந்தார். மரம் அறுக்கும் வேலைக்குக் கப்பலேறியவர். அதனால் அந்தப் பல்லி எனக்கு அவர் ஊர்க்காரன் மாதிரி. அப்பா அங்கே யாரோடு பேசுவார், யாரோடு சாப்பிடுவார் என்று அதனிடம் கேட்டுக்கொண்டே இருப்பேன். எனக்கு வேறு கேட்க ஆளில்லை.

ஒருமுறை புரொபசரோடு அட்டெண்டர் மாமாவும் பல்லி பிடிக்க அந்தமான் போனார். அப்பா வேலை செய்யும் இடத்தைச் சொல்லி, பார்த்துவிட்டு வரும்படி அம்மா கேட்டுக்கொண்டாள். அவர் திரும்பி வந்த அன்று, ஜாடிகளில் ஸ்பிரிட் ஊற்றிக்கொண்டிருந்தார். அம்மா பெருக்கிய இடத்தையே பெருக்கினாள்.

"பாத்தீங்களாண்ணா?"

"பாத்தேம்மா. சென்னாகிதாரே. நல்லாத்தான் இருக்காரு."

"எப்ப வராராம்?"

"அது நான் கேக்கல."

"தனியாத்தான இருக்காரு?"

மாமா திருகிய மூடியையே மறுபடி திருகினார். "இல்லம்மா. சமைச்சுப்போட ஆள் இருக்கு."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஓடிப்போய்ப் பல்லியிடம் சொன்னேன். சாயங்காலம் அம்மாவோடு வீட்டுக்குப் போகிற வழியில், குழாயடியில் நின்ற பக்கத்து வீட்டு அக்காவிடமும் சொன்னேன். அவள் குடத்தை வைத்துவிட்டு அம்மாவையே பார்த்தாள். அம்மா தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தாள்.

"துணைக்கு ஆள் இருந்தா நல்லதுதானேம்மா?"

"நல்லதுதான்."

அவள் பிடித்த பிடியில் என் விரல்கள் நசுங்கின. வண்டியில்லாத தெருவில் எதற்கு இப்படி இறுக்கிப் பிடிக்கிறாள் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.