செல்வமாரியின் இரண்டாவது அளவு

குதிகாலால் மண்ணை இரண்டு தரம் மிதித்துப் பார்க்காமல் செல்வமாரி டேப்பை விரிக்க மாட்டார். மண் பொலபொலவென்று உதிர்ந்தால் ஒரு "ம்". கெட்டியாக இருந்தால் இரண்டு "ம்". கரிசல் வெடிப்புக்குள் குடைக்கம்பியை விட்டு ஆழம் பார்ப்பதும் உண்டு. நிலத்துக்காரர் பொறுமையிழந்து, "மேடம், வைத்தியமா பாக்குதீங்க?" என்று கேட்டால், "ஆமா, நாடி பாக்குதேன். செத்த நேரம் பேசாம நில்லுங்க" என்று பதில் வரும்.

கோவில்பட்டிப் பக்கம் நில அளவர் வேலை. ஊர் வாயில் சர்வேயரம்மா. வயது ஐம்பத்தொன்று, சர்வீஸ் பத்தொன்பது. காலில் எப்போதும் ஆண்கள் செருப்புதான். "பொம்பள செருப்பு வெடிப்புக்குள்ள போச்சுன்னா வாரு கையில வரும், செருப்பு பாதாளத்துக்குப் போயிரும்" என்பார். ஸ்கூட்டரின் முன்பையில் ஒரு பிளாஸ்க், அதில் வீட்டுக் காப்பி. அளக்கப் போன இடத்தில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. கேட்டால், "இன்னைக்கு ஒரு வா தண்ணி குடிச்சா, நாளைக்கு விருந்து சாப்ட்டாம்பானுவ" என்று கண்ணைச் சிமிட்டுவார்.

பெட்ரோல் பங்க் என்றால் கம்பெனிக்காரன் வந்து குழாயை நட்டுவிட்டுப் போவான் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நட்டுப் பார்க்கட்டுமே! ஊராட்சி, போலீஸ், தீயணைப்பு, நெடுஞ்சாலை, தாசில்தார் என்று ஒவ்வொரு வாசலிலும் அந்தக் கோப்பு காத்துக் கிடந்து, கடைசியில் ஆட்சியர் அலுவலகத்தின் தடையின்மைச் சான்றுக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்கும் அப்பால் வெடிபொருள் துறை. இத்தனை பேரும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வெயிலில் நின்று தூரத்தை அளந்து தருகிற ஆள் ஒருவர் வேண்டுமே, அவர்தான் செல்வமாரி.

கயத்தாறு சாலையில் லாரி உதிரிபாகக் கடை வைத்திருக்கும் ரசியாவுக்குப் பங்க் ஒதுக்கீடு வந்தது. சாலையோரம் மனையும் வாங்கிப் போட்டிருந்தார். மனைக்குத் தெற்கே கருத்தையாவின் புஞ்சை, அதற்கும் தெற்கே ஆரம்பப் பள்ளி. பள்ளிச் சுவருக்கும் பெட்ரோல் டேங்குக்கும் நடுவே ஐம்பது மீட்டர் வேண்டும் என்பது விதி. மார்கழியில் செல்வமாரி போய் அளந்தார். மனைக்கும் புஞ்சைக்கும் நடுவே இருந்த எல்லைக் கல்லிலிருந்து பள்ளிச் சுவர் இருபத்தெட்டு மீட்டர் அறுபது. அதே கல்லிலிருந்து வடக்கே இருபதாவது மீட்டரில் டேங்க் என்று வரைபடம் சொன்னது. கூட்டினால் நாற்பத்தெட்டு அறுபது. அப்படியே எழுதி அனுப்பிவிட்டார்.

ரசியாவின் தலையில் இடி விழுந்தது. வரைபடத்தை மாற்றினால் எல்லா வாசலையும் முதலிலிருந்து மிதிக்க வேண்டும். பங்குனி முடிவதற்குள் சான்று கைக்கு வராவிட்டால் ஒதுக்கீடே ரத்து. "அக்கா, ஒருக்கா இன்னும் அளந்து பாருங்க. ஒங்க கால்ல விழுதேன்" என்று அலுவலக வாசலில் வந்து நின்றார்.

"என் டேப்பு ரப்பர் இல்லம்மா, இழுத்த இழுப்புக்கு நீள்றதுக்கு" என்றார் செல்வமாரி. ஆனால் மனு தாசில்தாரிடம் போய், மறு அளவுக்கு உத்தரவாகி, சுற்றி வந்து மறுபடி அவர் மேசையிலேயே விழுந்தது. வேறு சர்வேயர் இருந்தால்தானே! தன் அளவு சரிதான் என்று ஒரேயடியாக நிரூபித்துவிட்டு வரும் வேகத்தில் ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

ரசியாவும் கருத்தையாவும் முன்னமே வந்து நின்றார்கள். இறங்கியதும் கண்ணில் பட்டது வெறும் பூமி. மார்கழியில் தலைக்கு மேல் மக்காச்சோளம் நின்றது. ஒரு கல்லிலிருந்து இன்னொரு கல் தெரியாது. சுண்ணாம்பு அடித்துப் பளிச்சென்று நிமிர்ந்து நின்ற அந்த ஒரு கல்லை நம்பித்தான் அன்றைக்கு அளந்தார். இப்போது அறுப்பு முடிந்து, கருத்தையா புஞ்சையின் நான்கு கற்களும் தெரிந்தன. செல்வமாரி மற்ற மூன்று கற்களிலிருந்தும் டேப்பைப் பிடித்தார். அரசாங்கத்தின் பழைய புலப்படத்தில் இருக்க வேண்டியதைவிட அந்த வெள்ளைக் கல் ஒரு மீட்டர் எண்பத்தைந்து தெற்கே தள்ளி நின்றது. மறுபடி பிடித்தார். அதே எண்பத்தைந்து!

"கடப்பாறை இருக்கா அண்ணாச்சி?"

கருத்தையா ஓடிப்போய் எடுத்து வந்தார். படத்தின்படி கல் இருக்க வேண்டிய இடத்தில், வெள்ளைக் கல்லுக்கு ஆறடி வடக்கே, செல்வமாரியே ஓங்கிக் குத்தினார். ஒரு முழம் தோண்டியதும் கடப்பாறை நறநறத்தது. சரளை! கரிசலில் ஏது சரளை? அந்தக் காலத்தில் கல்லின் காலடியில் இறுக்கிப் போட்டது, வட்டமாக, நடுவில் கல் உட்கார்ந்திருந்த பள்ளத்தோடு அப்படியே கிடந்தது.

கருத்தையாவின் முகம் மாறியது. "நாந்தான் தாயி நட்டேன். போன ஆடில டிராக்டர் இடிச்சு மல்லாக்கக் கெடந்துச்சு. கவர்மெண்டு கல்லு இப்பிடிக் கெடக்கேன்னு, குத்துமதிப்பா ஒரு எடத்துல நட்டு சுண்ணாம்பும் அடிச்சேன். குத்தமா?"

"குத்தமா? ஒம்ம நெலத்துல ஆறடியத் தூக்கி இவிய கையில குடுத்துருக்கீரு!" என்று செல்வமாரி சிரித்த சிரிப்பு பள்ளிக்கூடம் வரைக்கும் கேட்டிருக்கும்.

"அவிய நெலம் அவியளுக்கே இருக்கட்டும் அக்கா! எனக்கு எம்புட்டு வருது, அதச் சொல்லுங்க!" ரசியாவுக்கு மூச்சு வாங்கியது.

சரளைக் குழியிலிருந்து பள்ளிச் சுவர் முப்பது நாற்பத்தைந்து. அதோடு இருபது. ஐம்பது மீட்டர் நாற்பத்தைந்து! ரசியா முக்காட்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதேவிட்டார். பத்தொன்பது வருடத்தில் கரிசல் மண் செல்வமாரியை ஏமாற்றியது இதுதான் முதல் தரம். ஏமாந்ததற்கு ஒரு மனுஷி இவ்வளவு சந்தோஷப்பட்டு யாரும் பார்த்திருக்க முடியாது. குழியைச் சுற்றிச் சுற்றி வந்து எட்டுப் போட்டோ எடுத்தார்.

ஸ்கூட்டரில் திரும்பும்போதுதான் யோசனை ஓடியது. போன தடவை ஆகாது, இந்தத் தடவை ஆகும் என்று எழுதினால் ஊர் என்ன சொல்லும்? சர்வேயரம்மாவையும் வாங்கிட்டாகப்பா என்று டீக்கடைக்கு டீக்கடை பேசும்.

தாசில்தார் நல்ல மனிதர். போட்டோக்களைப் பார்த்துவிட்டு, செல்வமாரிக்குச் சேதாரம் இல்லாமல் அவரே ஒரு வரியைத் தட்டச்சு செய்ய வைத்தார்: 'இயற்கைக் காரணங்களால் எல்லைக் கல் நகர்ந்துள்ளது.'

"இத்தோட விடும்மா. நீ ஒத்தக் கல்ல வச்சு அளந்தேன்னு எழுதினா மெமோ வரும்."

"மூணு மாசத்துல கல்லு ஆறடி நடந்துச்சான்னு கலெக்டர் ஆபீஸ்ல கேப்பாவ சார். கேள்வி கேட்டு ஃபைல் திரும்புச்சுன்னா பங்குனி முடிஞ்சிரும். அந்தப் பிள்ளைக்கு எல்லாம் போயிரும்."

"அதுக்கு நீ ஏன் தலையக் குடுக்க?"

செல்வமாரி நின்றபடியே பேனாவைத் திறந்து, தட்டச்சு செய்த வரியை ஒரே கோடாக அடித்தார். மேலே இருந்த இடத்தில், 'கல் இடம் மாறி நடப்பட்டிருந்ததை முதல் அளவின்போது நான் சரிபார்க்கவில்லை. பிழை என்னுடையது' என்று குண்டு குண்டாக எழுதினார். பிறகு மேசையிலிருந்த ஸ்கேலை எடுத்து வைத்து, கடைசிச் சொல்லுக்கு அடியில் நேராக ஒரு கோடு இழுத்தார்.