கத்திரியக்காவின் ஞாயிற்றுக்கிழமை

அந்தத் தையல் கடையில் தைக்க எட்டுப் பேர், துணி வெட்ட ஒருத்தி. அதனால் அவளுக்குக் கத்திரியக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஆறு மடிப்புத் துணியை ஒரே ஓட்டத்தில் வெட்டுகிற அந்த விரல்களைத் தேடித்தான் முடக்குவாதம் வந்து உட்கார்ந்தது. அவள் புருஷன் பஸ் டிரைவர். அவருக்கு ஒரு வருஷம் முன்னாலேயே வந்துவிட்டது. இருபது வருஷத்தில் இருவருக்கும் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

இருவருக்கும் ஒரே மாத்திரை, வாரத்துக்கு ஒரு தடவை, வியாழக்கிழமை. மறுநாள் முழுக்கக் குமட்டும், தலை சுற்றும். டிரைவர் பணிமனையில் பேசி வெள்ளிக்கிழமையை விடுமுறையாக வாங்கிக்கொண்டார். மாத்திரையும் தண்ணீரும் அவள் தயவில் கைக்கு வந்துவிடும். வாயைத் திறப்பது மட்டும் அவர் பொறுப்பு. வெள்ளியன்று போரில் அடிபட்டவர் மாதிரி படுத்திருப்பார். தலைமாட்டில் எலுமிச்சைத் தண்ணீர் வைத்துவிட்டு அவள் கடைக்கு ஓடுவாள்.

கடையில் வெள்ளிதான் வெட்டு நாள். வயிற்றைப் புரட்டிக்கொண்டு கத்திரி பிடித்தால் கோணல் மாணலாகத்தான் வரும். அதனால் தன் மாத்திரையை நாளைக்கு, நாளை மறுநாளைக்கு என்று தள்ளிப்போடுவாள். கடைசியில் அது பொத்தான் டப்பாவில் போய் விழும். ஆனால் மாத்திரை போட்டதைக் குறித்துவைக்க ஆஸ்பத்திரி கொடுத்த அட்டைகளில் குறை வைக்கமாட்டாள். வியாழன்தோறும் புருஷன் அட்டையில் டிக் போடும்போது, பேனாவைத் திறந்ததே திறந்தோம் என்று தன் அட்டையிலும் ஒன்று போட்டுவிடுவாள்.

விரல்கள் வீங்கின. முதலாளி கத்திரியை வாங்கிப் பாக்கெட் தைக்கிறவனிடம் கொடுத்து, தற்காலிகம்தான் என்றார். போன தடவை அவர் தற்காலிகமாக வீட்டுக்கு அனுப்பியவர் இன்னும் திரும்பி வரவில்லை. கத்திரியக்கா கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா டிரைவரைப் பாராட்டித் தள்ளினார். இவ்வளவு ஒழுங்காக மாத்திரை போடுகிற ஆம்பளையைப் பார்த்ததே இல்லையாம். அவரும் கூச்சமே இல்லாமல் தலையாட்டிக்கொண்டார். அடுத்து இவள் அட்டை. டிக் எல்லாம் பிரமாதம், ரத்தப் பரிசோதனை படுமோசம். மாத்திரை பலிக்கவில்லை, இதைவிடக் கடுமையான ஊசிக்கு மாற்றலாம் என்று டாக்டரம்மா எழுத ஆரம்பித்தார்.

அவளுக்குப் பயம் வந்துவிட்டது. "மாத்திரைமேல பழி போடாதீங்க டாக்டர். நான் முழுங்கினாத்தானே அது வேலை செய்யும்?"

எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு, அப்படியானால் சனிக்கிழமை போட்டிருக்கலாமே, ஞாயிறு கடை லீவுதானே என்று கேட்டார்.

"கடைக்குத்தான் லீவு. வீட்டுல அன்னைக்குத்தான் வாரத் துணி மொத்தமும் துவைக்கணும்."

டாக்டரம்மா டிரைவர் பக்கம் திரும்பி, அவருடைய மாத்திரை என்ன நிறம் என்று விசாரித்தார். அவர் மனைவியைப் பார்த்தார். பழக்கதோஷத்தில் அவள் "மஞ்சள்" என்று எடுத்துக் கொடுத்துவிட்டாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. இனிமேல் சனிக்கிழமை அவளுக்கு மாத்திரை கொடுப்பது அவர் வேலை, ஞாயிற்றுக்கிழமைத் துணியும் அவர் வேலை என்று சீட்டிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

முதல் ஞாயிறு டிரைவர் சோப்புத்தூள் எங்கே என்று நாலு தடவை வந்து கேட்டார். படுக்கையில் கிடந்தவளுக்கு ஒவ்வொரு தடவையும் குமட்டல் கொஞ்சம் குறைந்தது. மூன்று மாதத்தில் விரல் மடங்கி முஷ்டி பிடிக்க வந்தது. பாக்கெட்காரன் வெட்டிய சட்டைகளுக்கு இடது கை ஒரு நீளம், வலது கை ஒரு நீளம். முதலாளியே அவளைக் கூப்பிட்டுக் கத்திரியை நீட்டினார்.

அந்தச் சனிக்கிழமை டிரைவர் மாத்திரையோடு வந்தவர், கொடுக்காமல் கட்டிலில் உட்கார்ந்தார். முகத்தில் அக்கறை வழிந்தது.

"உனக்குத்தான் கை நல்லாயிடுச்சே. இதை இனிமே நிறுத்திடலாமா?"

அவள் கையை நீட்டி மாத்திரையை வாங்கிக்கொண்டாள்.

"உங்களுக்கு ரெண்டு வருஷமா நல்லாத்தான் இருக்கு. நான் நிறுத்தினேனா?"

டிரைவர் எழுந்து தண்ணீர் கொண்டுவரப் போனார்.