மஞ்சள் லாரியும் ஒரு ரப்பரும்

எங்கள் ஆபீஸ் மேடத்தின் மேசையில் ஒரு மஞ்சள் பொம்மை லாரி நிற்கும். காலையில் மேசைகளைத் துடைப்பது என் வேலை. ஒரு நாள் அந்த லாரிக்கு முன்னால் ஒரு அழிரப்பர் படுத்திருக்கும். மறுநாள் அதே ரப்பர் பின்சக்கரத்துக்கு அடியில் கிடக்கும். இன்னொரு நாள் லாரியின் மேலேயே உட்கார்ந்திருக்கும். மேடத்துக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. பிறகு யார் இதை வைத்து விளையாடுகிறார்கள்? துடைத்துவிட்டு, எதை எங்கே பார்த்தேனோ அங்கேயே வைத்துவிடுவேன். கேட்க வாய் வராது. சின்ன வயதிலிருந்தே நான் அப்படித்தான். பஸ்ஸில் மீதிச் சில்லறை கேட்கக் கூச்சப்பட்டு அப்படியே இறங்கிவிடுகிறவள்.

தி.நகரில் ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். நான் பத்தாவது வரை படித்தவள். டீ போடுவதும் துடைப்பதும் என் பொறுப்பு. மற்றவர்கள் நாள் முழுக்க அமெரிக்க ஆஸ்பத்திரிக் குறிப்புகளைக் கம்ப்யூட்டரில் படித்து, ஒவ்வொரு காயத்துக்கும் ஒரு குறியீட்டு எண் போடுவார்கள். மெடிக்கல் கோடிங் என்று பெயர். லாரி, பஸ் போன்ற பெரிய வண்டிகளில் அடிபட்டவர்களின் குறிப்புகள் மேடத்தின் குழுவுக்கு வரும். அவர் மயிலாப்பூர்க்காரர், என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர்.

ஒரு நாள் டீ வைக்கப் போனபோது, ரப்பர் லாரியின் கதவோரமாகச் சாய்ந்து நின்றது. என்னையும் அறியாமல், "இன்னிக்கு இவரு எங்க மேடம் போறாரு?" என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

"அதான்க்கா எனக்கும் தெரியல. இந்த ரப்பர்தான் அடிபட்டவர். லாரிலேர்ந்து விழுந்தார்னு மட்டும் எழுதியிருக்கா. ஏறிண்டிருந்தாரா, இறங்கிண்டிருந்தாரா, ஓடற வண்டிலேர்ந்து விழுந்தாரா? ஒண்ணொண்ணுக்கும் வேற வேற நம்பர்."

"எலும்பு முறிஞ்சா முறிஞ்சதுதான மேடம்?"

"எலும்புக்கு ஒரு நம்பர். அது எப்படி முறிஞ்சுதுங்கறதுக்கு இன்னொரு நம்பர்."

குறிப்பில் இல்லாததைத் தாங்களாக ஊகித்துப் போடக் கூடாதாம். சிகிச்சை செய்த டாக்டரைக் கேட்க வேண்டும். கேட்பதிலும் ஒரு கட்டுப்பாடு உண்டாம். "இறங்கறச்சேதானே விழுந்தார்னு கேக்கப்படாதுக்கா. வேலை மும்முரத்துல அவர் ஆமாம்னு சொல்லிட்டுப் போயிடுவார். கேள்விக்குள்ள பதில வெக்காம, என்ன நடந்ததுன்னு மட்டும் கேக்கணும்."

இந்தப் பேச்சு அன்று முழுக்க மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. காரணம், என் வீட்டுக்காரர் அப்போது கால்கட்டோடு வீட்டில் கிடந்தார். ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். அசோக் நகரில் ஒரு அபார்ட்மெண்ட் வாசலில், தன் பைக்குக்குப் பக்கத்தில் நினைவில்லாமல் கிடந்தவரை யாரோ ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பைக்கிலிருந்து தானாக விழுந்தவர் என்று அங்கே எழுதிக்கொண்டார்கள். நினைவு திரும்பியதும் கொழுந்தன், "தூங்கிட்டியாண்ணே?" என்றான். மாமியார், "குடிச்சியாடா?" என்றார். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வேன் ஓனர் ஒரு நாள் வந்து பார்த்தார். "ரோட்ல தானா வுழுறவன் கையில பசங்கள எப்டிம்மா குட்த்து அனுப்புறது?" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். வேனை விட்டால் இவருக்கு வேறு தொழில் தெரியாது.

அன்று சாயந்திரம் கட்டைப் பிரித்து மருந்து போடும்போது மெதுவாகக் கேட்டேன். "அன்னிக்கு இன்னாய்யா நடந்துச்சு?"

ஃபேனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பஞ்சர்மே. வண்டிய தள்ளிக்கினு நடந்துதான் போனேன். தண்ணி லாரி ஒண்ணு ரிவர்ஸுல வந்துச்சு. பின்னாடி நின்னு பாக்க கிளீனர் இல்ல. கால் மேல டயர் ஏறுனது தெரிஞ்சுது. அப்பால ஒண்ணும் தெரில."

"இத ஏன்யா யாராண்டயும் சொல்லல?"

"யாரு கேட்டீங்க? தூங்கிட்டியா, குடிச்சியா, இதான கேட்டீங்க. இதுல லாரிய எங்க கொண்டாந்து வுடுறது?"

மறுநாள் மேடத்திடம் சொன்னேன். அவர் ரப்பரைத் தரையில் நடப்பவர் மாதிரி நிறுத்தி, பக்கத்தில் ஒரு கிளிப்பைப் பைக்காக வைத்து, லாரியை மெல்லப் பின்னால் உருட்டினார். "உங்காத்துக்காரர் வண்டிய ஓட்டவே இல்லக்கா. நடந்துண்டிருந்தவர்."

"நீங்களே அப்படி எழுதிக் குடுத்துடுங்க மேடம்."

"நான் எழுதப்படாது. காலைப் பாத்த டாக்டர்தான் எழுதணும். போய்ச் சொல்லுங்கோ."

"நானா?" என்றேன். அவர் டீயை எடுத்துக்கொண்டு திரையைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் அன்று நல்ல கூட்டம். டாக்டர் தலை நிமிராமல், "பைக்லேர்ந்து விழுந்ததுதானே?" என்றார். வீட்டுக்காரரின் தலை ஆமாம் என்று ஆடத் தொடங்கியது. "இல்ல சார். இன்னா நடந்துச்சுன்னு அவரையே கேளுங்க சார்," என்றேன். என் குரலை நானே அன்றுதான் அவ்வளவு சத்தமாகக் கேட்டேன். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். கேட்டார். இவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு காலைத் திருப்பித் திருப்பி, தோல் உரிந்திருந்த விதத்தைப் பார்த்துவிட்டு, "டயர் ஏறின காயந்தான்," என்று சொல்லிப் புதிதாக எழுதினார்.

கால் தேறிய பின் வேன் ஓனர் டாக்டர் எழுதியதைப் படித்தார். சில நாள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கூடவே போய் வந்தார். அப்புறம் சாவியைக் கொடுத்தார். மாமியார் இன்றும் பாதிதான் நம்புகிறார். அந்தத் தண்ணி லாரி யாருடையது என்று கடைசிவரை தெரியவில்லை. தெரியாததைத் தெரியாதது என்று எழுதவும் ஒரு நம்பர் இருக்கிறது என்று மேடம் சொல்லியிருக்கிறார்.

மேடம் இப்போது ஐதராபாத்தில் வேலை பார்க்கிறார். அவர் கொடுத்துவிட்டுப் போன மஞ்சள் லாரி, ரப்பரோடு, ஆபீஸில் நான் டீ போடும் அடுப்படியில், சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் நிற்கிறது. போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் டீக்கு வந்தவள் அதைப் பார்த்தாள்.

"உங்க பேரன் விட்டுட்டுப் போனதாக்கா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் பேச்சு முடிந்திருக்கும். "கேள்விய மாத்திக் கேளும்மா," என்றேன்.

அவள் புரியாமல் என்னைப் பார்த்தாள். லாரியைப் பார்த்தாள். "இது இங்க எப்டிக்கா வந்துச்சு?"

பாலை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு, ரப்பரை எடுத்து லாரிக்குப் பின்னால் நிற்க வைத்தேன்.